கண்புரைக் கணக்கை விழித்திரைக்குப் போடாதீர்கள்

எங்கள் பக்கத்தில் கண் ஆபரேஷன் என்றாலே கண்புரைதான். முகாம் வேனில் ஏறிப் போனவர் மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு மன்னார்குடி பஸ் நிலையத்தில் இறங்கிவிடுவார். அதற்கு அவசரமும் கிடையாது. அறுவடை முடியட்டும், நெல்லைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று தள்ளிவைக்கலாம். என் பெரியப்பா அதே கணக்கை, கண்ணுக்குள் பின்புறம் ஒட்டியிருந்து பார்வையை வாங்கும் மெல்லிய படலமான விழித்திரைக்கும் போட்டார்.

சம்பா நடவு நேரம். வலது கண்ணில் மின்னல் வெட்டுகிறது, கொசுக் கூட்டம் பறக்கிறது என்றார். வலி இல்லை, சிவப்பு இல்லை. பெரியம்மா நந்தியாவட்டைப் பூவை ஒற்றி எடுத்தார். நான்காம் நாள் ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்கியது. அப்போதும், ‘நடவு முடியட்டும்’ என்று ஒரு வாரம் போனது.

வரப்பில் நண்டு வளையைப் பார்த்தவர்களுக்கு, விழித்திரை பிரிதல் என்ற இந்த நோயை விளக்கவே வேண்டாம். விழித்திரையில் சிறு ஓட்டை விழுகிறது. கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியாகப் பின்னால் புகுந்து விழித்திரையை உரித்துக்கொண்டே போகிறது. ஓட்டையாக இருக்கும்போதே பிடித்தால், சுற்றிலும் லேசர் வைத்து ஒட்டிவிடலாம். உரிந்துவிட்டால் ஆபரேஷன்தான். நடுப்பகுதியான மாக்குலா பிரிவதற்குள் செய்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பார்வை பெரும்பாலும் தங்கும். பிரிந்து நாளாகிவிட்டால், திரை ஒட்டினாலும் பழைய பார்வை முழுதாக வராது. முதல் ஆபரேஷனிலேயே பத்தில் எட்டு, ஒன்பது கண்களில் திரை ஒட்டிக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் ஒட்டுவது வேறு, தெரிவது வேறு. இதை யாரும் பெரியப்பாவுக்கு முன்பே சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஓட்டையை அடைத்தால்தான் திரை ஒட்டும் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனின் செய்து காட்டியதே 1920 வாக்கில்தான். அதுவரை இந்த நோய் வந்த கண் ஏறக்குறைய போன கண்தான்.

ஆபரேஷனில் கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு வாயுவை நிரப்பினார்கள். அந்தக் குமிழி மேலே மிதந்து திரையை அழுத்தி நிற்கவேண்டும். அதனால் எப்படிப் படுக்கவேண்டும் என்பது ஓட்டை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் படுத்த மாதிரி படுக்கக் கூடாது. பெரியப்பா குப்புறப் படுக்கவேண்டியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் தலைமாட்டுக் கயிற்றைத் தளர்த்தி, முகம் நுழைய இடம் செய்தோம். கீழே தரையில் ரேடியோ, உறிஞ்சுகுழல் போட்ட மோர் டம்ளர். மூன்றாம் நாள், ‘கொஞ்சம் மல்லாந்துகொள்கிறேனே’ என்று கெஞ்சினார். விடவில்லை.

அடுத்த தவறு செய்யப் பார்த்தது அவருடைய மகன். சிங்கப்பூருக்கு அழைத்துப்போகத் திருச்சியிலிருந்து விமான டிக்கெட் போட்டுவிட்டான். உயரே போனால் கண்ணுக்குள் வாயு விரியும். அழுத்தம் ஏறி உள்ள பார்வையும் போய்விடும். கொடைக்கானல் மலைக்கும் இதே தடைதான். வாயுவின் வகையைப் பொறுத்து, கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். இடையில் வேறு எந்த ஆபரேஷன் என்றாலும், கண்ணில் வாயு இருப்பதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் முதலில் சொல்லவேண்டும்.

சிலருக்கு வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய். வழக்கமாக மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் அதை எடுக்கவேண்டும். ‘தெரிகிறதே, இன்னொரு ஆபரேஷன் எதற்கு’ என்று விட்டுவிடுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கருவிழி மங்கலாம். எண்ணெய் உள்ளே இருக்கும்போது புதுக் கண்ணாடிக்குக் காசு போடுவதும் வீண்; எடுத்ததும் பவர் மாறிவிடும்.

சர்க்கரை நோயாளிகள் லேசர் வைத்துக்கொண்டு, ‘பார்வை ஏறவில்லையே’ என்று குறைப்படுவதையும் கேட்கிறேன். அந்த லேசர் பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காப்பதற்குத்தான்.

பெரியப்பாவுக்கு வலது கண்ணில் வயலின் பச்சை தெரிகிறது. பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாது. சென்ற ஆண்டுப் பரிசோதனையில் இடது கண்ணிலும் ஒரு சிறு ஓட்டை இருந்தது. அன்றே லேசர் வைத்தார்கள். மதிய பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார்.