உலாவி போல் தெரிய முயலும் நிரல்கள்: தரவு திரட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் நெல் விலை நாளுக்கு நாள் மாறும். வடகீழ்ப் பருவமழை வலுத்துவிட்டால் ஆற்று நீர்மட்டம் மணிக்கு மணி மாறும். விலை அறிக்கைகளை ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகமும், நீர்மட்டங்களை நீர்ப்பாசனத் திணைக்களமும் வெளியிடுகின்றன. இவற்றைத் தாமாகவே எடுத்துத் தொகுத்து, சம்மாந்துறையிலோ செங்கலடியிலோ இருக்கும் ஒரு விவசாயியின் கைபேசிக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற ஆசை வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கும் பல மாணவர்களுக்கு உண்டு. நல்ல ஆசை. ஆனால் நிரலை எழுதி முதன்முறை ஓட்டியதும் "அனுமதி இல்லை" என்று பொருள்படும் 403 என்ற மறுப்பு வந்து நிற்கும். உடனே ஆளாளுக்குச் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "உலாவி போல் வேடம் போடு." தவறுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், நாம் மாற்றாதவரை, ஒவ்வொரு கோரிக்கையிலும் யூசர் ஏஜென்ட் என்ற ஹெடரில், அதாவது கோரிக்கையோடு செல்லும் குறிப்பு வரியில், தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரைக் கண்டதும் கதவைச் சாத்தும் தளங்கள் உண்டு. ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் குரோம் என்று மாற்றிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது, சில வேளைகளில் நிலைமை இன்னும் மோசமாகும். உண்மையான குரோம் தன் பெயரை மட்டும் சொல்வதில்லை. எந்த மொழியில் பக்கம் வேண்டும், எந்தச் சுருக்க முறைகளை விரிக்கத் தெரியும், இந்தக் கோரிக்கை முகவரிப் பட்டியிலிருந்து வந்ததா ஒரு பக்கத்துக்குள்ளிருந்து வந்ததா, உலாவியின் முதன்மைப் பதிப்பு எது என்பவற்றையும் தனித்தனி ஹெடர்களில் அனுப்புகிறது. பெயர் குரோம் என்கிறது, மற்ற ஹெடர்கள் எதுவும் இல்லை என்றால், சேவையகத்துக்கு அது முரண்பாடாகவே தெரியும். தன்னை நிரல் என்று நேராகச் சொல்லும் நிரலைவிட, பொய் சொல்லி அகப்படும் நிரல்தான் விரைவில் தடுக்கப்படும்.

இதைவிடப் பெரிய தவறு, கோரிக்கைக்குக் கோரிக்கை யூசர் ஏஜென்டைக் குலுக்கல் முறையில் மாற்றுவது. ஒரே ஐபி முகவரி, ஒரே குக்கீ (வருபவரை அடையாளம் காணத் தளம் கொடுத்துவைக்கும் சிறு குறிப்பு). ஆனால் முதல் நொடியில் விண்டோஸ் குரோம், அடுத்த நொடியில் ஐபோன் சஃபாரி, அதற்கடுத்து பயர்பாக்ஸ். எந்த மனிதனும் இப்படி உலாவுவதில்லை. அதோடு, குரோம் வகை உலாவிகள் மட்டுமே அனுப்பும் சில ஹெடர்களை பயர்பாக்ஸ் பெயரோடு சேர்த்து அனுப்பிவிடுவதும் இந்தக் குலுக்கலில்தான் நடக்கிறது. குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய முதன்மைப் பதிப்பை வெளியிடுகிறது. எங்கிருந்தோ நகலெடுத்து நிரலுக்குள் பதித்த பதிப்பு எண் ஓர் ஆண்டில் கிழடாகிவிடும். பெரும்பாலானோரின் உலாவி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்போது உங்கள் நிரல் மட்டும் பழைய பதிப்பிலேயே நின்றுகொண்டிருக்கும்.

உலாவியின் உருவாக்குநர் கருவிகளைத் திறந்து, ஹெடர்கள் அனைத்தையும் அப்படியே நகலெடுத்து நிரலில் ஒட்டுவதும் ஆபத்தானது. மூன்று சிக்கல்கள் அதில் ஒளிந்திருக்கின்றன. உங்கள் உலாவி அந்தப் பக்கத்தை முன்பே சேமித்து வைத்திருந்தால், "மாறியிருந்தால் மட்டும் அனுப்பு" என்ற நிபந்தனை ஹெடரும் கூடவே வந்துவிடும். சேவையகம் 304 (மாற்றமில்லை) என்று மட்டும் பதில் சொல்லி, பக்கத்தின் உள்ளடக்கத்தை அனுப்பாது, நிரல் ஏன் வேலை செய்யவில்லை என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். அடுத்தது சுருக்க முறை. புரோட்லி முறையில் சுருக்கியதையும் ஏற்பேன் என்று குரோம் சொல்கிறது. ரிக்வெஸ்ட்ஸுக்கு அதற்கான துணை நூலகத்தை நிறுவாமல் அதே வாக்குறுதியைக் கொடுத்தால், கிடைப்பது படிக்க முடியாத பைட்டுகளின் குவியல். மூன்றாவதுதான் உண்மையில் கவலைக்குரியது: உங்கள் உள்நுழைவுக் குக்கீயும் அந்த நகலில் இருக்கும். அந்த நிரலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றினால் உங்கள் கணக்கின் திறவுகோலையே ஊருக்குக் கொடுத்தது போலாகும். பெரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். மாணவர்களிடம் ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

மொழி ஹெடரை நம் நாட்டில் தனியாகக் கவனிக்க வேண்டும். அரச தளங்கள் பல, மூன்று மொழிகளில் இயங்குகின்றன. மொழியை எப்படித் தெரிவு செய்வது என்பது தளத்துக்குத் தளம் வேறு: சிலவற்றில் முகவரியில், சிலவற்றில் குக்கீயில், சிலவற்றில் மொழி ஹெடரைப் பார்த்து. உங்கள் உலாவி தமிழைக் கேட்டிருக்கலாம். நிரல் எதையும் கேட்டிருக்காது. நீங்கள் திரையில் பார்த்த தமிழ் அட்டவணையின் தலைப்புகளைத் தேடும் நிரலுக்குச் சிங்களப் பக்கமோ ஆங்கிலப் பக்கமோ வந்து சேர்ந்தால், "தரவு இல்லை" என்று எழுதிவிட்டு ஓய்ந்துவிடும். எனவே மொழியை வெளிப்படையாகக் கேளுங்கள். வந்த பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

எழுத்துக் குறியாக்கமும் இதோடு சேர்ந்ததுதான். சேவையகம் குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்டால், குரோம் பக்கத்துக்குள் இருக்கும் மெட்டா குறிச்சொல்லைப் பார்த்து யூனிகோட் என்று புரிந்துகொள்கிறது. ரிக்வெஸ்ட்ஸோ மேற்கைரோப்பியக் குறியாக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. "மட்டக்களப்பு" என்ற சொல் அடையாளம் தெரியாத பிறமொழிக் குறிகளாகச் சிதறிப்போகும். நூலகம் தரும் உரையை எடுக்காமல், மூல பைட்டுகளை நேராகப் பாகுபடுத்தும் நிரலிடம் கொடுத்தால், அது மெட்டா குறிச்சொல்லைப் படித்துச் சரியாக விரிக்கும். பாமினி எழுத்துருவில் அச்சான பழைய பிடிஎப் அறிக்கைகள் வேறு கதை: அங்கே திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் எந்தச் சொல்லையும் தேட முடியாது.

ஹெடர்களை எவ்வளவு சரியாக அமைத்தாலும், அவற்றுக்கு முன்பே பேச்சு தொடங்கிவிடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும்போது டிஎல்எஸ் கைகுலுக்கலில் (இரு பக்கமும் மறையாக்கத்தை ஒத்துக்கொள்ளும் தொடக்கப் பேச்சில்) எந்த மறையாக்க முறைகளையும் நீட்சிகள் என்ற கூடுதல் விவரங்களையும் எந்த வரிசையில் முன்வைக்கிறோம் என்பதே ஓர் அடையாளம். 2017 இல் சேல்ஸ்ஃபோர்ஸ் பொறியியலாளர்கள் ஜேஏ3 என்ற முறையில் இதைக் கைரேகை போல் பதிவுசெய்யும் வழியை வெளியிட்டார்கள். குரோம் 2023 முதல் அந்த நீட்சிகளின் வரிசையைக் கலைத்து அனுப்புகிறது. அதே ஆண்டில், வரிசையைப் பொருட்படுத்தாத ஜேஏ4 வெளிவந்தது. இதோடு, இணையப் பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறையான எச்டிடிபியின் 2 அல்லது 3 ஆம் பதிப்பில் குரோம் பேசும் இடத்தில் ரிக்வெஸ்ட்ஸ் 1.1 இல்தான் பேசுகிறது. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துத் தடுக்கும் தளம், நிரல்களை வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறது என்பது என் கருத்து. அங்கே வேடத்தை இன்னும் மெருகேற்றுவதில் வாரக்கணக்கில் உழைப்பது வீண். பக்கம் ஜாவாஸ்கிரிப்டால் நிரம்புகிறது என்பதுதான் சிக்கல் என்றால், பிளேரைட் போன்ற கருவியால் உண்மையான உலாவியையே இயக்குங்கள். மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா வந்தாலோ உள்நுழைவு கேட்டாலோ அங்கேயே நில்லுங்கள்.

உலாவியிடமிருந்து உண்மையில் கற்க வேண்டியது அதன் நடத்தை. அது ஒருமுறை திறந்த இணைப்பை மீண்டும் பயன்படுத்துகிறது, குக்கீயை வைத்துக்கொள்கிறது, மாறாத பக்கத்தை மறுபடி இறக்குவதில்லை. ரிக்வெஸ்ட்ஸில் செஷன் ஒன்றைத் திறந்து வைத்தால் முதல் இரண்டும் தாமாகவே கிடைக்கும். மூன்றாவதற்கு, முன்பு வந்த ஈடாக் குறியை (பக்கத்தின் அந்தப் பதிப்புக்குச் சேவையகம் இடும் அடையாளத்தை) சேமித்து அடுத்த முறை திருப்பி அனுப்ப வேண்டும். மாற்றமில்லை என்றால் 304 வரும், சேவையகத்தின் சுமையும் உங்கள் டேட்டாவும் மிச்சம். மேலே சிக்கலாக வந்த அதே 304, தெரிந்து கேட்கும்போது உதவியாகிறது.

வேகம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம் பகுதியில் இது வெறும் நாகரிகப் பிரச்சினை அல்ல. நவம்பர், டிசம்பரில் கல்லோயாவும் முந்தனை ஆறும் பெருகும் நாட்களில் நீர்மட்டப் பக்கத்தை ஆயிரக்கணக்கான மக்கள் திறந்து பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் நொடிக்குப் பத்துக் கோரிக்கை அனுப்பும் ஒரு நிரல், வீட்டை விட்டு வெளியேறுவதா என்று முடிவெடுக்கக் காத்திருக்கும் ஒருவரின் வழியை மறிக்கிறது. நீர்மட்டம் மணிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது என்றால், நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டும் பயனில்லை. சரியாக 8.00 மணி என்று குறிக்காமல் 8.07, 8.19 என்று நகர்த்தி வையுங்கள். பல நிரல்கள் மணி அடித்ததும் ஒன்றாகத்தான் கிளம்புகின்றன. "கோரிக்கைகள் மிகுதி" என்று பொருள்படும் 429 வந்தால், அதில் எவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்கிறது என்று பார்த்து அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். உடனே மறுபடி முயலும் நிரல்தான் நிரந்தரத் தடைக்கு ஆளாகிறது.

அந்தத் தடையும் உங்களோடு நிற்பதில்லை. கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. கல்முனையில் ஒரு விடுதி அறையிலிருந்து ஓடிய நிரலுக்காக அதே முகவரியில் இருக்கும் முன்பின் தெரியாத பலருக்கும் அந்தத் தளம் மூடப்படலாம். பல்கலைக்கழக வலையமைப்பிலிருந்து ஓட்டினால் முழு வளாகத்துக்கும்.

200 என்று பதில் வந்தால் வெற்றி என்று நம்புவதையும் விட்டுவிடுங்கள். பல தளங்கள் தடுக்கும்போதும் 200 கொடுத்து, "உங்களைச் சரிபார்க்கிறோம்" என்ற பக்கத்தை அனுப்புகின்றன. நிரல் அதில் விலையைத் தேடி, கிடைக்காமல், பூச்சியம் என்று எழுதிவிடும். நெல் விலை பூச்சியம் என்று ஒரு வரைபடம் காட்டினால் பார்ப்பவர் சிரித்துவிட்டுப் போகலாம். நேற்றைய விலையே இன்றும் என்று காட்டினால் நம்பிவிடுவார், அதுதான் அபாயம். எதிர்பார்த்த அட்டவணை இருக்கிறதா, திகதி இன்றையதா என்று பார்த்த பிறகே பதிவு செய்ய வேண்டும்.

இனி, வேடமே தேவையா என்ற கேள்வி. சிறிய அரச தளமொன்றிலிருந்து நாளுக்குச் சில பக்கங்கள் எடுக்கும் நிரலுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. யூசர் ஏஜென்டில் உங்கள் திட்டத்தின் பெயரையும் ஒரு மின்னஞ்சல் முகவரியையும் எழுதுங்கள். சிக்கல் வந்தால் தளத்தை நடத்துபவர் தடுப்பதற்கு முன் உங்களுக்கு எழுத ஒரு வழி இருக்கும். நிரல்கள் எந்தப் பக்கங்களைத் தொடலாம் என்று தளம் எழுதிவைக்கும் ரோபோட்ஸ் கோப்பையும் படியுங்கள். 1994 முதல் வழக்கத்தில் இருந்த அந்த முறை 2022 இல் முறையான இணையத் தரமாகவும் எழுதப்பட்டது. ஆட்களின் பெயர், தொலைபேசி எண், முகவரி போன்றவை இருக்கும் பக்கங்களைத் தொட வேண்டாம்: அவற்றுக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதியின்றிக் கணினி அமைப்புக்குள் நுழைவதற்கு 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது.

பெயரைச் சொல்லியும், மெதுவாகக் கேட்டும், 403 தான் வருகிறது என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதலாம். எந்தக் காலப்பகுதி, எந்த மாவட்டம், எந்த வடிவில் வேண்டும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். பிடிஎப் வேண்டாம், விரிதாளாகத் தாருங்கள் என்று கேட்பதிலும் தவறில்லை. கொடுப்பதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும்.