பூக்கும் தாவரங்களின் பால் குரோமோசோம்கள்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூக்கும் தாவரங்களில் பால் குரோமோசோம்கள் தோன்றிய விதத்தைப் பற்றி எழுதுவோர் பலர், மனிதரின் எக்ஸ், ஒய் குரோமோசோம்களை மனத்தில் வைத்துக்கொண்டே தொடங்குகிறார்கள். பெரும்பாலான பிழைகளுக்கு வித்து அங்கேதான் விழுகிறது. நமக்கும் பெரும்பாலான பாலூட்டிகளுக்கும் அவை ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. தாவரங்களிலோ ஆண் செடி, பெண் செடி என்ற பிரிவு நூற்றுக்கணக்கான முறை தனித்தனியே உருவாகியிருக்கிறது. பப்பாளியின் ஒய், பேரீச்சையின் ஒய் இரண்டும் பெயரளவில் ஒன்றே தவிர, வம்சாவளியில் தொடர்பற்றவை.

ஒருபால் பூக்களைக் கண்டதும் பால் குரோமோசோம் இருப்பதாக முடிவு கட்டுவது அடுத்த தவறு. பூசணியிலும் மக்காச்சோளத்திலும் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் பூப்பதால், இரண்டுக்கும் மரபணுத் தொகுதி ஒன்றுதான். பால் குரோமோசோம்களைத் தேட வேண்டியது ஆண், பெண் செடிகள் தனித்தனியாக உள்ள ஈரில்லத் தாவரங்களில். அவை பூக்கும் தாவர இனங்களில் சுமார் 5 முதல் 6 விழுக்காடு மட்டுமே. அவற்றிலும் பலவற்றில் நுண்ணோக்கி வழியே எந்த வேறுபாடும் தெரியாது, ஏனெனில் பாலை முடிவு செய்யும் பகுதி குரோமோசோமின் சிறு துண்டாகவே இருக்கும். 1923-இல் சைலீன் லாட்டிபோலியா என்ற வெண்பூச் செடியில் நுண்ணோக்கி வழியே கண்ணுக்குத் தெரியும் பால் குரோமோசோம்கள் கண்டறியப்பட்டன. அத்தகைய அரிய சான்றுகளே பாடநூல்களில் இடம்பிடித்ததால், விதிவிலக்கு விதியைப் போலத் தோற்றமளிக்கிறது.

ஒய் என்றால் சுருங்கித் தேய்ந்துபோனது என்று எழுதுவதும் அப்படித்தான். சைலீனில் ஒய், எக்ஸைவிடப் பெரியது. இணைக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் மரபணு மறுசேர்க்கை நின்றுபோன பகுதியில் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ வரிசைகளும் இடம் மாறும் மரபணுக்கூறுகளும் குவிவதால், தொடக்கக் காலத்தில் ஒய் வீங்கவே செய்கிறது. மேலும், மகரந்தத்தில் ஒற்றைப் பிரதி மட்டுமே உள்ள நிலையிலும் ஏராளமான மரபணுக்கள் இயங்குவதால், அங்கே பழுதான மரபணு மறைந்திருக்க வழியில்லை. ஒய்-யின் சிதைவு வேகம் குறைய இது ஒரு காரணம். தோட்டத்து அஸ்பாரகஸில் இரண்டு ஒய் கொண்ட செடிகள் நன்றாக வாழ்கின்றன. அனைத்தும் ஆணாகப் பிறக்கும் விதைகளைப் பெற அவற்றையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் பப்பாளியில் இரண்டு ஒய் கொண்ட கரு பிழைப்பதில்லை. இருபால் பூக்கள் கொண்ட பப்பாளியிலும் ஒய்-யின் ஒரு வகை இருப்பதால்தான் அதன் தன்மகரந்தச் சேர்க்கையில் இருபால் செடிகளும் பெண் செடிகளும் 2:1 விகிதத்தில் கிடைக்கின்றன.

ஒய் இருந்தால் ஆண் என்ற சமன்பாடும் எல்லாத் தாவரங்களுக்கும் பொருந்திவிடாது. ருமெக்ஸ் அசிடோசா என்ற புளிப்புக் கீரைச் செடியில் பாலை முடிவு செய்வது ஒய் அன்று, எக்ஸ் குரோமோசோம்களுக்கும் பால் சாராத குரோமோசோம்களுக்கும் இடையிலான விகிதம். எக்ஸ்-ஒய் முறையில் இருவேறு பால் குரோமோசோம்களைத் தாங்குவது ஆண்; காட்டு ஸ்ட்ராபெர்ரியிலோ பெண் செடி. அதனால் அவற்றை இசட், டபிள்யூ என்று குறிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது, இரு மரபணுக் கோட்பாட்டை மாறாத விதியாகச் சொல்வது. பெண்ணுறுப்பை அடக்கும் திடீர்மாற்றம் ஒன்று, ஆணுறுப்பைக் குலைக்கும் திடீர்மாற்றம் மற்றொன்று, இவற்றைப் பிரியாமல் வைத்திருக்க மறுசேர்க்கை நிற்கிறது என்பது 1978-இல் உயிரியலாளர்களான பிரையன், டெபோரா சார்ல்ஸ்வொர்த் இணையர் வகுத்த மாதிரி. அஸ்பாரகஸ் இதற்கு நன்கு பொருந்துகிறது. டயோஸ்பைரோஸ் லோட்டஸ் என்ற பெர்சிமன் பழமர இனத்திலோ, ஒய் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணு சிறிய ஆர்என்ஏ வழியாக வேறொரு குரோமோசோமிலுள்ள மரபணுவை அடக்க, செடி ஆணாகிறது. இது 2014-இல் வெளியானது. பாப்லர் மரங்களில் ஏஆர்ஆர்17 என்ற ஒரே மரபணு இயங்கினால் பெண், அடங்கினால் ஆண். இதே மரபணுவைக் கொண்டே சில பாப்லர் இனங்கள் எக்ஸ்-ஒய் முறையிலும், வெள்ளைப் பாப்லர் இசட்-டபிள்யூ முறையிலும் இயங்குகின்றன.

தரவுகளைக் கையாள்வோருக்கு ஒன்று: பெண் செடியின் மரபணுத் தொகுதியை மட்டும் ஆதாரமாக வைத்து ஆண் செடியின் டிஎன்ஏ வரிசைகளை அதனோடு பொருத்தினால், ஒய்-க்கே உரிய பகுதிகள் கணக்கிலேயே வராமல் போகும்.