ஈர வீதியில் ராடர் ஓட்டினால் பொய்தான் சொல்லும்

புதுக் காபட் வீதியைச் சப்பாத்தால் தட்டிப் பார்த்து "நல்லா இறுகியிருக்கு" என்ற காலம் போய், இப்போது வீதிக்குள் அலையை அனுப்பி அளக்கும் ராடரும், சூட்டை நிறமாகக் காட்டும் வெப்பக் கமராவும் வந்துவிட்டன. அவற்றையும் பிழையாகப் பாவிக்கலாம், நானே பாவித்திருக்கிறேன்.

ஐப்பசியில் யாழ்ப்பாணத்து மழை தெரியும்தானே, விடிய ஊற்றிவிட்டுப் பத்து மணிக்கு வெயில் எறிக்கும். மேலே காய்ந்துவிட்டதே என்று ராடரை ஓட்டினேன், எண்கள் அவ்வளவு அழகாக வந்தன. பிறகு கோர் (வீதியில் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கத் துளை. ராடர் அடர்த்தியை நேராக அளப்பதில்லை, மின்காப்பு மாறிலியைத்தான், அதாவது ஒரு பொருள் ராடர் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் காட்டும் எண்ணைத்தான் அளக்கிறது. காற்றுக்கு அது 1, தார்க் கலவைக்கு பெரும்பாலும் 4 முதல் 7 வரை, தண்ணீருக்கோ ஏறத்தாழ 80. காற்றுத்துளை கூடினால் மாறிலி இறங்கும், அதை வைத்துத்தான் இறுக்கத்தைக் கணிக்கிறோம். ஆனால் அந்தத் துளைக்குள் தண்ணீர் நின்றால் கணக்குத் தலைகீழ், ஏனென்றால் தண்ணீரை அதிகமாகக் குடிப்பது சரியாக இறுகாத இடம்தான். நன்றாகக் காயும்வரை ராடரைத் தொடாதீர்கள்.

தடிப்பு அளப்பதிலும் இந்த மாறிலிதான் வில்லங்கம். கருவியில் 5 என்று கிடப்பதை அப்படியே விட்டு, உண்மையில் அது 6 ஆக இருந்தால் 50 மில்லிமீட்டர் படை 55 ஆகத் தெரியும் (ஒப்பந்தக்காரருக்குச் சந்தோசம்). எங்கள் மண்ணில் சுண்ணாம்புக் கல்தான், கலவைக்குப் போடும் கருங்கல் வன்னிப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறது. கல் எடுக்கும் இடம் மாறினால் மாறிலியும் மாறலாம், அதனால் போன மாதக் கணக்கை இந்த மாதக் கலவைக்குப் போடக்கூடாது.

வெப்பக் கமராவை ரோலர் ஏறுவதற்கு முன், பேவருக்கு (கலவையை விரிக்கும் இயந்திரம்) பின்னாலேயே நின்று பிடிக்க வேண்டும். லொறியில் ஓரத்திலும் மேலேயும் ஆறிய கலவை விரிந்த இடம் அப்போதுதான் தெரியும், பக்கத்துப் பக்கத்தில் 14 பாகை செல்சியஸ் வித்தியாசம் வந்தால் அந்த இடம் இறுகாமல் போகக்கூடும். ரோலர் சில்லில் கலவை ஒட்டாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள், பிந்திப் போனால் அந்த ஈரம்தான் ஆறிய இடம்போல நீலமாகத் தெரியும். எந்தச் சூட்டுக்கு எந்த நிறம் என்ற அளவையும் மாறாதபடி நீங்களே பூட்டிவிடுங்கள். கமராவிடம் விட்டால் 3 பாகை வித்தியாசத்தையும் சிவப்பும் நீலமுமாகக் காட்டிப் பயமுறுத்தும்.

அப்புறம் கோர். ராடர் நல்லது என்று காட்டிய இடத்தில் மட்டும் வெட்டாமல், கூடிய எண், நடு எண், குறைந்த எண் மூன்றிலும் வெட்டுங்கள். வெட்டும் இடத்தை ஒப்பந்தக்காரரிடம் கேட்காதீர்கள்.