மேக்ஸ் லெவலுக்கு என்ன அவசரம்? ஆன்லைன் ரோல்ப்ளே கேம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமில் மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது போன்ற ஒரு ஸ்கில்லை லெவல் 99 வரை ஏற்ற 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) சேர்க்க வேண்டும். லெவல் 92-ஐத் தொட 65,17,253 போதும். அதாவது 92-ல் நிற்பவர் பாதி தூரம்தான் வந்திருக்கிறார். மிச்சமிருக்கும் ஏழு லெவலும், அதுவரை ஏறிய அத்தனை லெவலும் சேர்ந்து வாங்கிய உழைப்பை மறுபடி வாங்கும். இது தெரியாமல் "இன்னும் ஏழுதானே, லீவுல முடிச்சிரலாம்" என்று உட்கார்ந்து, கடைசியில் கேமையே வெறுத்து எழுந்து போனவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வகை கேம்களுக்கு முடிவு கிடையாது. கடைசி வில்லனைக் கொன்றாலும் மறுநாள் அவன் அதே இடத்தில் நிற்பான். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, முடியாத ஒன்றை முடித்துவிடப் பார்ப்பதால் வருபவை. மீதிப் பாதி, திரையில் ஓடுவது இன்னொரு ஆள் என்பது மறந்துபோவதால் வருபவை.

நான் பார்த்தது பெரும்பாலும் ரூன்ஸ்கேப். ஆண்ட்ரூ கோவர் தன் சகோதரர் பாலுடன் சேர்ந்து 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் வெளியிட்ட கேம் அது. அந்தக் காலத்தில் பிரௌசரில் ஜாவா இருந்தால் ஓடியது, காசு கட்டாமலும் ஆட முடிந்தது. 2006 வாக்கில் திண்டுக்கல்லில் நான் போன பிரௌசிங் சென்டரில் இந்த இரண்டு தகுதியும்தான் முக்கியம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் அப்போதே பெரிய பேர் வாங்கியிருந்தது. ஆனால் அதற்கு மாதம் 15 டாலர், அதுவும் கிரெடிட் கார்டில். எங்கள் தெருவில் யாரிடமும் கிரெடிட் கார்டு இருந்ததாக ஞாபகமில்லை.

எக்ஸ்பிக்குக் கணக்குப்பிள்ளை ஆவது

இன்றைக்கு எந்தக் கேமுக்கும் விக்கி இருக்கிறது, யூடியூபில் வழிகாட்டி இருக்கிறது, மணிக்கு எத்தனை எக்ஸ்பி என்ற பட்டியல் இருக்கிறது. புது ஆள் முதல் நாளே அதைத் திறந்து வைத்துக்கொள்கிறார். எந்த மரத்தை எந்த லெவல் வரை வெட்டுவது, எந்தக் குவெஸ்ட்டை (கேம் கொடுக்கும் கதைப் பணியை) எதற்கு முன்னால் முடிப்பது என்று எல்லாம் எழுதியிருக்கிறது. அப்படியே செய்தால் வேகமாக ஏறலாம் என்பது உண்மை. அப்புறம் அது ஆபீஸ் போல ஆகிவிடும் என்பதும் உண்மை.

விக்கியே கூடாது என்று சொல்ல மாட்டேன். சில குவெஸ்ட்டுகள் விக்கி இல்லாமல் பைத்தியம் பிடிக்க வைக்கும். "ஒரே ஒரு சின்ன உதவி" என்று ஒருவர் ஆரம்பித்து, அவருக்காக இன்னொருவரிடம் போய், அவர் வேறொருவரிடம் அனுப்பி, பாதி உலகத்தைச் சுற்ற வைக்கும் ஒரு குவெஸ்ட் ரூன்ஸ்கேப்பில் உண்டு. அதற்கு விக்கி பார்ப்பது பாவமில்லை. ஆனால் முதல் சில வாரங்களாவது தெரியாத பாதையில் போய்ச் செத்துப் பாருங்கள். பசுமாட்டுத் தோலை மூட்டையாகச் சேர்த்து விற்று முதல் இரும்பு வாள் வாங்கும் சந்தோஷம் எந்தப் பட்டியலிலும் வராது. பட்டியல்படி பார்த்தால் மாட்டுத்தோல் நேர விரயம்!

வேகம் பிடித்தவர்கள் அடுத்துச் செய்வது, சாட் பெட்டியை மூடிவிடுவது. ரூன்ஸ்கேப்பின் டிரேனர் கிராமத்தில் வில்லோ மரம் வெட்டும் இடமும், பார்பேரியன் கிராமத்தில் ஆற்றோரம் டிரவுட் மீன் பிடிக்கும் இடமும் அந்தக் காலத்தில் டீக்கடை பெஞ்சு மாதிரி. ஒரு கிளிக் செய்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டியிருக்கும், அந்த இடைவெளியில்தான் பேச்சு ஓடும். வரியின் முன்னால் ஒரு குறிச்சொல்லைச் சேர்த்துத் தட்டினால் எழுத்துகள் அலையாக ஆடும், கலர் மாறும். "என்ன லெவல்?" என்று தொடங்கி, யார் நாட்டில் மழை, யாருக்கு நாளை பரீட்சை என்று போகும். இந்தக் கேமில் மரம் வெட்டுவது மெதுவாக நடப்பதன் பயனே அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இலவசமாக எதையும் நம்புவது

ரூன்ஸ்கேப்பில் ஏமாற்று வேலை ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. மிகப் பழையது, "உன் கவசத்துக்கு இலவசமாகத் தங்கக்கரை போட்டுத் தருகிறேன்" என்பது. அந்தக் கரை போட்ட கவசம் புதையல் வேட்டைப் பரிசாக மட்டும்தான் கிடைக்கும். எந்தப் பிளேயராலும் அதைச் செய்து தர முடியாது. பிரௌசிங் சென்டரில் பக்கத்து கேபினில் ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் வாரக்கணக்கில் சேர்த்து வாங்கிய ரூன் கவசம் முழு செட்டையும் அப்படித்தான் டிரேட் விண்டோவில் வைத்து அக்செப்ட் அழுத்தினான். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. அடுத்த நொடி அந்த ஆள் லாக்அவுட். "அண்ணே, போட்டுட்டு வர்றேன்னு சொன்னான்ணே" என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டி என்னிடம் கேட்டான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

டிரேடில் இரண்டு திரைகள் வரும். முதல் திரையில் இருவரும் பொருளை வைப்பார்கள், இரண்டாவது திரை எல்லாவற்றையும் எழுத்தில் காட்டி "நிச்சயமா?" என்று கேட்கும். ஏமாற்றுகிறவர் முதல் திரையில் சரியான தொகையை வைப்பார், "அவசரம், சீக்கிரம்" என்பார், நடுவில் எடுத்துவிட்டு ஒரு சைபர் குறைத்து மறுபடி வைப்பார். பார்ப்பதற்கு ஒரே மாதிரியான இரண்டு பொருள்களை மாற்றி வைப்பதும் உண்டு. இரண்டாவது திரையை நிதானமாகப் படிப்பவரிடம் இந்த வித்தை பலிக்காது. அவசரப்படுத்துகிற ஆளிடம் வியாபாரமே வேண்டாம்.

இன்னொன்று, "பொருளைக் கீழே போட்டுவிட்டு ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்து, இரண்டாகிவிடும்." அழுத்தினால் விண்டோ மூடிக்கொள்ளும், பொருள் அவர் பைக்குப் போகும். பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர் முதல் தடவை சின்னத் தொகைக்கு நிஜமாகவே இரட்டிப்பாகத் தருவார். அந்த முதல் தடவைக்காகத்தான் இரண்டாம் தடவை ஆட்கள் மொத்தத்தையும் கொடுக்கிறார்கள். நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனி பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேம் நிறுவன ஊழியர் என்று சொல்லிக்கொண்டு பாஸ்வேர்ட் கேட்பவர் ஊழியர் இல்லை. ரூன்ஸ்கேப்பில் நிஜ ஊழியர் சாட்டில் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் தங்கக் கிரீடம் இருக்கும், அவரும் பாஸ்வேர்ட் கேட்க மாட்டார். பொதுக் கணினியில் லாகின் செய்வதும் அதே வகைதான். பிரௌசிங் சென்டர் காலம் போனாலும் நண்பன் லேப்டாப், ஹாஸ்டல் கணினி எல்லாம் இருக்கின்றன. பொருள் சேர்த்து வைக்கும் கேம் பேங்குக்குப் பின் நம்பரும், லாகினுக்கு ஒருமுறைக் குறியீடு கேட்கும் ஆதென்டிகேட்டரும் போட்டுக்கொள்ளுங்கள்.

சொத்து மொத்தத்தையும் உடம்பில் மாட்டிக்கொண்டு திரிவது

வைல்டர்னஸ் என்ற வடக்குப் பகுதியில் பிளேயர்கள் ஒருவரையொருவர் கொல்லலாம். செத்தால் விலை கூடிய மூன்று பொருள் மட்டும் கையில் நிற்கும். நீங்கள் முதலில் ஒருவரைத் தாக்கித் தலைக்கு மேல் மண்டையோடு வந்திருந்தால் அந்த மூன்றும் போகும். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், "சும்மா எல்லையில் நின்று பார்க்கலாம்" என்று விலை உயர்ந்த செட்டோடு போகிறவர் தினமும் உண்டு. புதிதாகப் பழகிய நண்பர் ஒருவர் அன்பாக அங்கே கூப்பிட்டால் பேங்கைத் தாண்டாதீர்கள்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கை. 2006 ஜூனில் ஃபாலடர் என்ற கேம் ஊர்ப் பக்கம் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். வீடு கட்டும் கன்ஸ்ட்ரக்ஷன் ஸ்கில் அப்போதுதான் வந்திருந்தது. அதில் முதலாவதாக 99 தொட்டவர் தன் கேம் வீட்டில் விருந்து வைத்தார். கூட்டத்தில் கேம் திணறி மெதுவாகும் லேக் தாங்காமல் அவர் எல்லாரையும் வெளியேற்ற, வீட்டுக்குள் சண்டைக் களத்தில் இருந்த சிலருக்கு ஒரு பக் (புரோகிராம் பிழை) காரணமாகச் சண்டை போடும் அனுமதி வெளியிலும் ஒட்டிக்கொண்டது. மற்றவர்களால் திருப்பி அடிக்க முடியவில்லை. பாதுகாப்பான ஊருக்குள் நின்றவர்கள் வரிசையாகச் செத்தார்கள், பார்ட்டி ஹேட் போன்ற அரிய பொருள்களும் பறிபோயின. முக்கியமாகத் தாக்கியவருக்கு நிரந்தரத் தடை விதித்தார்கள். விருந்துக்கு நகை போட்டுப் போவது போல இருக்கிற விலையுயர்ந்த பொருளையெல்லாம் மாட்டிக்கொண்டு போனவர்களுக்குத்தான் அன்று அடி பலம்.

நிஜப் பணத்துக்கு வெளியில் கோல்டு வாங்குவது

கேமுக்குள் செல்லும் பணமான கோல்டை வெளி ஆட்களிடம் காசு கொடுத்து வாங்குவது, வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு. "எனக்கு நேரமில்லை, காசு இருக்கிறது" என்ற நியாயம். அக்கவுண்ட் தடை ஆகும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த வியாபாரம் ரூன்ஸ்கேப்பையே ஒருமுறை சாய்த்தது. கோல்டு விற்பவர்களின் பாட்களும் (ஆளில்லாமல் தானாக ஆடும் புரோகிராம்களும்), திருட்டு கிரெடிட் கார்டில் கட்டிய சந்தாக்களும் பெருகியதால், நிறுவனம் 2007 டிசம்பரில் வைல்டர்னஸ் சண்டையை நிறுத்தியது. 2008 ஜனவரியில் டிரேடுக்கும் வரம்பு வைத்தது. மதிப்பு சமமில்லாத பரிமாற்றம் முடியாது, நண்பனுக்குக் கவசம் பரிசளிக்கவும் முடியாது. கோபத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் கேமை விட்டுப் போனார்கள். வாக்கெடுப்பு நடத்திப் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவர 2011 பிப்ரவரி வரை ஆனது.

விற்பவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. 2017-க்குப் பிறகு வெனிசுலாவில் நாணயம் செல்லாக்காசு ஆனபோது, அங்கே பலர் பச்சை டிராகன்களைக் கொன்று சேர்த்த கோல்டை விற்று அரிசியும் மருந்தும் வாங்கினார்கள். அதை ஒழுங்குப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனாலும் வாங்குகிற நீங்கள் வெனிசுலாக்காரருக்கு உதவுவதாகக் கதை கட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் கோல்டு யாருடைய திருடப்பட்ட அக்கவுண்டிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. காசு போட்டே ஆக வேண்டும் என்றால் கேமே விற்கும் பாண்டு (கேமுக்குள் கோல்டாக மாற்றிக்கொள்ளும் டோக்கன்) இருக்கிறது.

ரெய்டு நேரத்தை ஊர் நேரமாக நினைப்பது

பின்னால் சம்பளம் வந்து, 2019 ஆகஸ்டில் வார்கிராஃப்ட் கிளாசிக் வெளிவந்தபோது அதையும் ஆடினேன். அதில் மோல்டன் கோர் ரெய்டுக்கு (கூட்டமாகப் போய்ப் பெரிய வில்லன்களை அடிக்கும் சண்டைக்கு) நாற்பது பேர். ஐரோப்பிய கில்டில் (சேர்ந்து ஆடுகிறவர்களின் குழுவில்) சேர்ந்தால் அவர்களுக்கு இரவு எட்டு மணி, நமக்குக் குளிர்காலத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை, கோடையில் பதினொன்றரை. அவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு தாண்டியதும் நம் ஆள் ஒருவர் ஒரு மணி நேரம் தப்பாக வந்து நிற்பது வழக்கம். அந்த ஆள் டேங்க்காக (முன்னால் நின்று அடி வாங்குபவராக) இருந்தால் முப்பத்தொன்பது பேரும் வாசலில் காத்திருப்பார்கள். வாரத்தில் எத்தனை இரவு விழித்திருக்க முடியும் என்பதைச் சேரும்போதே கில்டில் சொல்லுங்கள். மற்றவர்களைக் குணப்படுத்தும் ஹீலர் இடத்துக்கு ஒப்புக்கொண்டு தூங்கிப்போவதைவிட, டேமேஜ் கொடுக்கும் இருபது பேரில் ஒருவராக இருப்பது மரியாதை.

பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம்) பற்றி ஒரு வார்த்தை. இங்கிருந்து ஐரோப்பிய சர்வருக்குப் பிங் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். துப்பாக்கிச் சண்டை கேமில் அது மரணம். ஆனால் ரூன்ஸ்கேப் 0.6 வினாடிக்கு ஒரு அடியாக நகரும் கேம், அதனால் சமாளிக்கலாம். அமெரிக்க வேர்ல்டை (சர்வரை) விட்டு பிரிட்டன் அல்லது ஜெர்மனி வேர்ல்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். பிங்கைவிடக் கரண்ட் கட் ஆபத்து. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூடக் கரண்ட் போன நாட்களில் ஆடியவர்களுக்குத் தெரியும்: லைன் அறுந்தாலும் சண்டையில் இருக்கும் கேரக்டர் சிறிது நேரம் அங்கேயே நின்று அடி வாங்கும். ஒரே உயிர் மட்டும் உள்ள ஹார்ட்கோர் அயர்ன்மேன் ஆடுகிறவர் யுபிஎஸ் இல்லாமல் பாஸ் சண்டைக்குப் போவது தற்கொலை.

சொல்லாமல் போவது, பழையது அப்படியே இருக்கும் என்று வருவது

நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்து 2014-ல் 25 வயதில் இறந்தார். மகன் தனியாளாகவே வாழ்ந்தான் என்றுதான் பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவருடைய வலைப்பதிவின் பாஸ்வேர்ட் அவர்களிடம் இருந்ததால் அதில் மரணச் செய்தியைப் போட்டார்கள். வார்கிராஃப்ட் நண்பர்களின் கடிதங்கள் வரத் தொடங்கின. சிலர் வேறு நாடுகளிலிருந்து அடக்கத்துக்கே வந்தார்கள். அந்த பாஸ்வேர்ட் இல்லாமலிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நெருங்கிய ஒருவரிடமாவது கேமுக்கு வெளியே ஒரு தொடர்பை வாங்கி வையுங்கள். கேமை விடும்போது கில்டில் ஒரு வரி தட்டிவிட்டுப் போங்கள்.

வருஷங்கள் கழித்துத் திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல். 2013 பிப்ரவரியில் வந்த ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப், 2007 ஆகஸ்ட் மாதப் பேக்கப்பிலிருந்து எழுப்பப்பட்ட கேம். கேமின் உருவம்தான் பழையது, உங்கள் கேரக்டர் அதில் இருக்காது. எல்லாரும் சைபரிலிருந்து தொடங்க வேண்டும். பழைய கேரக்டர் வேண்டுமென்றால் இப்போதைய ரூன்ஸ்கேப்பில் தேட வேண்டும். அங்கே ஊர், பட்டன், சண்டை எல்லாம் மாறிப்போய் எதுவும் அடையாளம் தெரியாது. நண்பர் பட்டியலில் பெயர்கள் முக்கால்வாசி சிவப்பாக, அதாவது ஆன்லைனில் இல்லாமல், இருக்கும். என்னைக் கேட்டால் ஓல்ட் ஸ்கூலில் புதுக் கேரக்டர் போடுவதுதான் நல்லது. 2018 முதல் போனிலும் ஓடுகிறது, பஸ்ஸில் உட்கார்ந்தே மீன் பிடிக்கலாம்.

டிரேனர் வில்லோ மரத்தடியில் இன்றும் ஆட்கள் நிற்கிறார்கள். அதில் சிலது பாட். ஒரு "ஹாய்" தட்டிப் பாருங்கள். பதில் வராவிட்டாலும் பாட் என்று முடிவு கட்டாதீர்கள், சாட் பெட்டியை மூடிவிட்டு இன்னொரு ஸ்கிரீனில் படம் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மூர் ஐடி ஊழியராகவும் இருக்கலாம்.