பி.டி.ஓ. ஓடும்போது செய்யக்கூடாதவை

வைக்கோல் கட்டும் இயந்திரம் அடைத்துக்கொண்டால் பலர் டிராக்டரை நிறுத்துகிறார்கள், அதன் என்ஜின் விசையைப் பின்னால் மாட்டிய இயந்திரத்துக்குக் கொடுக்கும் சுழல் தண்டான பி.டி.ஓ.வை நிறுத்துவதில்லை. இறங்கிப் போய்க் காலால் உதைத்தோ கையால் பிடுங்கியோ அடைப்பை எடுக்கிறார்கள். அடைப்பு விலகிய கணமே உருளைகள் வைக்கோலை உள்ளே இழுக்கும். கை அதற்குள் இருந்தால் அதையும் சேர்த்து இழுக்கும். இருக்கையை விட்டு இறங்குமுன் பி.டி.ஓ. நெம்புகோலை விலக்கி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அணைத்த பிறகும் கனமான இயந்திரம் சற்று நேரம் தானே சுழலும். அது முழுதாக ஓய்ந்த பிறகே அருகில் போக வேண்டும்.

டிராக்டரின் பின்னால் உள்ள பி.டி.ஓ. தண்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றும். 6 செ.மீ. விட்டமுள்ள இணைப்புத் தண்டு நொடிக்கு 1.7 மீட்டர் துணியைச் சுருட்டிக்கொள்ளும். நாலு முழ வேட்டி மறைய ஏறக்குறைய ஒரு நொடி! இழுத்து விடுவித்துக்கொள்ளலாம் என்பது வீண் நினைப்பு. லுங்கி, தோள் துண்டு, முந்தானை எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது. ஓடும் தண்டைத் தாண்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்காகத்தான் தண்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, அது சுற்றாதிருக்கச் சங்கிலியும் மாட்டியிருக்கிறார்கள். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று அந்த உறையைக் கழற்றிக் கொட்டகையில் எறிந்துவிடுவதுதான், என் கணக்கில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. சங்கிலி அறுந்த உறையும் நம்பத்தக்கதல்ல. தண்டோடு சேர்ந்து அதுவும் சுற்றத் தொடங்கிவிடும்.

இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டுமே நிற்கும். முழுதும் மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். வண்டி நின்றதைப் பார்த்து எல்லாம் நின்றுவிட்டதாக எண்ணக்கூடாது.

வரப்போரம் திரும்பும்போது மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை ஓடவிட்டபடியே உயரத் தூக்குவதும் தவறு. தண்டின் கோணம் கூடி, அதன் முனையில் மடங்கிச் சுழலும் இணைப்பான கிராஸ் ஜாயிண்ட் அடிவாங்கும். ஒருநாள் அது உடைந்தால், சுழன்றபடி வீசும் தண்டு எங்கே போய் அடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போடுகிறவர்களும் உண்டு. கல்லிலோ வேரிலோ இயந்திரம் சிக்கும்போது அறுவதுதான் அந்த போல்ட்டின் வேலை. அது அறாவிட்டால் கியர்பாக்ஸ் பல் உடையும். அந்தச் செலவுக்கு ஒரு சாக்கு ஷியர் போல்ட் வாங்கலாம்.