வாகைக்குளத்திலிருந்து பறப்பவர்களுக்கு: விமானம் தாமதமானால் கேட்க வேண்டியவை

திருநெல்வேலிக்காரர்கள் சென்னைக்குப் பறக்க வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்துக்கே பெரும்பாலும் செல்கிறோம். அங்கு விமானம் தாமதமானால், பயணிகள் தங்களுக்குரியதைக் கேட்காமலேயே காத்துக் கிடப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. முதல்முறை பறப்பவரும் பின்பற்றத்தக்க வழியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: பதிவு செய்யும்போது

நம் ஊரில் பலர் டிராவல்ஸ் கடையில்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். அப்போது கடைக்காரரின் எண்ணை அல்லாமல் பயணியின் சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். தொடர்பு விவரம் சரியாகத் தரப்படவில்லை என்றால், விமானம் ரத்தாகும்போது தரும் இழப்பீட்டைத் தர வேண்டியதில்லை என்று விமானப் போக்குவரத்து விதியே சொல்கிறது.

சென்னையில் இறங்கி வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு பயணங்களும் ஒரே பி.என்.ஆர். (டிக்கெட் பதிவு) எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது அதற்கும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனி டிக்கெட் எடுத்தால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி மட்டுமே. அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான். தனித்தனியாக எடுத்தே ஆக வேண்டுமென்றால், முந்தைய இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் புறப்பட்டுவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

முடிந்தவரை காலை விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே விமானம் நாள் முழுவதும் பல ஊர்களுக்குப் போய்வருவதால் காலையில் ஏற்பட்ட தாமதம் மாலைவரை சேர்ந்துகொண்டே போகும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், சென்னையில் புகைமூட்டம் சூழும் போகிக் காலையிலும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

படி 2: வீட்டிலிருந்து கிளம்பும் முன்

வாகைக்குளத்தில் நீங்கள் ஏறும் விமானம் பொதுவாகச் சற்று முன்பு வந்திறங்கிய விமானமேயாகும். எனவே அது சென்னையிலிருந்து புறப்பட்டுவிட்டதா என்பதை விமானங்களைப் பின்தொடரும் செயலியில் பார்த்துவிட்டால், அறிவிப்பு வருவதற்கு முன்பே தாமதத்தை ஊகிக்கலாம். ஆயினும் நிறுவனமே புதிய நேரத்தை உறுதிசெய்யாத வரை, பழைய நேரத்துக்கே கிளம்புங்கள்.

படி 3: கவுண்ட்டரில்

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்தில் 2 மணி நேரத் தாமதம் ஏற்பட்டாலே, உரிய நேரத்தில் செக்-இன் செய்த பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். தூத்துக்குடி–சென்னை பயணம் இந்த வகையைச் சேர்ந்தது. உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமா, முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்குமிடமும் உண்டு.

வெறும் தாமதத்துக்கு நம் நாட்டில் இழப்பீடு என்று ரொக்கம் கிடையாது. விமானத்தை ரத்துசெய்துவிட்டு 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் தராமல் இருந்தால்தான் அது வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. ஆனால் 2023 டிசம்பரில் நம் தாமிரபரணிக் கரையை மூழ்கடித்ததைப் போன்ற வெள்ளத்துக்கு இந்த இழப்பீடு பொருந்தாது. அத்தகைய நிலையிலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

ஆகவே தாமதத்துக்கோ ரத்துக்கோ உரிய காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், குறுஞ்செய்தியையும் அறிவிப்புப் பலகையையும் படமெடுத்து, போர்டிங் பாஸோடு பத்திரப்படுத்துங்கள். பின்னால் 'வானிலைதான் காரணம்' என்று சொல்லப்பட்டால், உங்கள் பக்கம் பேசுவதற்கு இவைதாம் இருக்கும்.

படி 4: முறையீடு

முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் பதியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் அலுவலகம் எங்கிருந்தாலும், திருநெல்வேலியில் வசிப்பவர் திருநெல்வேலியிலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யலாம்.