கன்வெர்டிபிள் காரின் கூரையில் ஆயில் கசிந்தால்: சிலிண்டரை மாற்றாமல் சீலை மாற்றும் முறை

முன்கண்ணாடிச் சட்டத்தின் நடுவில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சற்று மேலே, ஒரு துளி எண்ணெய் திரண்டு தொங்குவதைக் கண்ட பிறகுதான், மடங்கும் கூரைக்குள் ஹைட்ராலிக் சிலிண்டர்கள் இருக்கின்றன என்பதே பலருக்கு நினைவுக்கு வருகிறது. கோவையிலும் திருப்பூரிலும் இத்தகைய கார்கள் மழையையும் வெயிலையும் தவிர்த்து மாதக்கணக்கில் கூரை மூடியபடியே நிற்கின்றன. கோத்தகிரிக்கோ வால்பாறைக்கோ போகும் அன்று மட்டுமே கூரை திறக்கப்படுகிறது. அசையாமல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்), வெப்பத்தாலும் வயதாலும் இறுகியோ பிசுபிசுத்தோ போய், நெடுநாள் கழித்து, சிலிண்டரிலிருந்து நீண்டு உள்வாங்கும் தண்டான ராடு நகரும்போது எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வலுவை இழந்துவிடுகிறது.

இதற்குச் சிலிண்டர் முழுவதையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று சொல்லப்படுவதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். உலோகப் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போனது உள்ளங்கையில் எடை தெரியாத ஒரு சீல் மட்டுமே. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் சிலிண்டர்களை நாள்தோறும் பிரித்துக் கோக்கும் கைகள் உள்ள நாடு இது. இந்தச் சிறிய சிலிண்டரும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அளவுதான் விரல் பருமனுக்குச் சுருங்கியிருக்கிறது.

முதலில், கசியும் இடத்தை உறுதிசெய்ய வேண்டும். எண்ணெய் கூரையின் சட்டங்கள் வழியே ஓடி வேறோர் இடத்தில் சொட்டுவதால், சொட்டும் இடத்தைக் கசியும் இடம் என்று கொள்ளக்கூடாது. எல்லாச் சிலிண்டர்களையும், ஹோஸ் இணைப்புகளையும், பம்பையும் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றின் மீதும் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி, கூரையை இரண்டு மூன்று முறை திறந்து மூடினால், எந்தக் காகிதம் முதலில் நனைகிறதோ அதுவே கசியும் இடம். கூரை இயங்கும்போது விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. உள்ளே அழுத்தம் 100 பாரைத் தாண்டக்கூடும் என்பதால், ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்ணெய் குறையாமல் கூரை மட்டும் மெதுவாக நகர்ந்தால், கோளாறு சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சீலிலோ பம்பிலோ இருக்கலாம். அது தனி வேலை.

கழற்றும் முன், காரின் கையேட்டில் சொல்லியபடி பம்பின் ரிலீஸ் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். அழுத்தம் போனதும் பாதி திறந்த கூரை சரிந்து கையை நசுக்கிவிடும். எனவே வால்வைத் தொடுமுன்பே உறுதியான மரக்கட்டையால் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். எந்த ஹோஸ் எந்தத் துளைக்கு உரியது என்று படமெடுத்து வைத்துக்கொண்டு, கிளிப்பை எடுத்து ஹோஸை உருவி, முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையால் மூடிவிட வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே புகுந்தாலும் புதுச் சீல் கிழிந்துவிடும் என்பதால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் திறந்தவெளியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

சிலிண்டரின் முனையிலுள்ள சர்க்ளிப்பை (பூட்டு வளையத்தை) எடுத்து ராடை உருவியதும், அதன் மீது நகத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டவில்லை என்றால் ராடு நலம். தட்டினால், அல்லது குரோம் பூச்சு உரிந்திருந்தால், ஹார்டு குரோம் செய்யும் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்த பிறகே சீல் போட வேண்டும். இல்லாவிட்டால் சில வாரங்களிலேயே அது மீண்டும் கசியும். பழைய சீலை மட்டும் வைத்து அளவெடுக்காதீர்கள், அது உப்பியோ சுருங்கியோ இருக்கும். ராடின் விட்டத்தையும், சீல் உட்காரும் பள்ளத்தின் விட்டத்தையும் அகலத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து, ஹைட்ராலிக் சீல் கடையில் அந்த அளவைக் கொடுங்கள். எந்த எண்ணெய் ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் சீலின் பொருள் அதற்கேற்பத்தான் அமைய வேண்டும். கிடைக்காத அளவாக இருந்தால், சீலையே கடைந்து தருபவர்களும் உண்டு.

இந்த வேலையின் உயிர்நாடி சீலை உள்ளே இறக்குவதுதான். வெதுவெதுப்பான அதே ஹைட்ராலிக் எண்ணெயில் சிறிது நேரம் ஊறவைத்தால் அது இளகும். பிறகு அவரைக்கொட்டை வடிவில் மடித்து, முனை மழுங்கிய மரக்குச்சியால் பள்ளத்துக்குள் மெல்லத் தள்ள வேண்டும். ஸ்குரூடிரைவரைத் தொடவே வேண்டாம். சீலின் விரிந்த விளிம்பைத்தான் உதடு என்பார்கள். “உதட்டுல முடியளவு கீறல் விழுந்தாக்கூடப் போச்சுங்க” என்று எனக்குக் கற்றுக்கொடுத்த ரிக் மெக்கானிக் ஒவ்வொரு முறையும் சொல்வார். சீலின் விரிந்த உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். வெளியே பார்த்துப் போட்டுவிட்டால் முதல் அழுத்தத்திலேயே எண்ணெய் கொட்டும். ராடின் நுனியில் மரையிருந்தால், அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிய பிறகே சீல் வழியாகச் செலுத்துங்கள். தூசியைத் தடுக்கும் வைப்பர் சீலையும் ஹோஸ் முனையின் ஓ-ரிங்குகளையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

கையேடு குறிப்பிடும் எண்ணெயை மட்டுமே ஊற்றுங்கள். பிரேக் ஆயிலை ஊற்றினால் எல்லாச் சிலிண்டர்களின் சீல்களும் ஒருசேர ஊறி அழிந்துவிடும். ராடுகள் நீளும்போதும் உள்வாங்கும்போதும் தொட்டியின் மட்டம் மாறும் என்பதால், கூரை எந்த நிலையில் இருக்கும்போது பார்க்கச் சொல்லியிருக்கிறதோ, அந்த நிலையில்தான் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கூரையை ஐந்தாறு முறை முழுவதுமாகத் திறந்து மூடினால், பெரும்பாலான கார்களில் உள்ளே சிக்கிய காற்று தானாகவே தொட்டிக்குத் திரும்பி வெளியேறிவிடும். பம்பு மோட்டார் சூடாகாதபடி இடையிடையே சில நிமிடங்கள் ஓய்வு கொடுங்கள். மட்டத்தை மறுபடியும் சரிபார்த்து, சிலிண்டரின் வாயில் புதிய டிஷ்யூ ஒன்றைச் சுற்றி, காரை ஒரு வாரம் வெயிலில் நிறுத்தி எடுங்கள். காகிதம் உலர்ந்திருந்தால் மட்டுமே கழற்றி வைத்த உட்கூரைத் துணியை மீண்டும் பொருத்துங்கள்.